பிறக்கு முன்பே பார்வையைத் தாக்கும் நோய்: கர்ப்பகால டொக்ஸோபிளாஸ்மா தொற்றும் குழந்தையின் கண்ணும்

ஒரு குழந்தை உரிய காலத்தில், உரிய நிறையுடன் பிறக்கின்றது. அழுகையிலும் பாலருந்துவதிலும் எவ்விதக் குறையும் தென்படுவதில்லை. தாயும் சேயும் நலமாக வீடு திரும்புகின்றனர். மூன்று நான்கு மாதங்கள் கழிந்த பின்னர், தாயின் முகத்தை நேராகப் பார்த்துச் சிரிக்க வேண்டிய குழந்தையின் கண்கள் ஓரமாகத் திரும்பி நிற்பதை வீட்டார் அவதானிக்கின்றனர். மாறுகண் என்று சிலர் கூறுவர். வளர வளரச் சரியாகிவிடும் என்று வேறு சிலர் ஆறுதல் கூறுவர். இறுதியில் கண் வைத்திய நிபுணர் கருவியினூடாக உற்று நோக்கும்போது, விழித்திரையின் நடுப்பகுதியில் ஒரு தழும்பு காணப்படுகின்றது. அது குழந்தை தாயின் வயிற்றில் இருந்த காலத்திலேயே ஏற்பட்டு ஆறிப்போன காயத்தின் அடையாளமாகும்.

இவ்வாறான தழும்பை ஏற்படுத்தும் காரணிகளுள் முதன்மையானது டொக்ஸோபிளாஸ்மா கொண்டி எனும் ஒட்டுண்ணி. உலக மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வரை தம் வாழ்நாளில் இத்தொற்றுக்கு ஆளாவதாக மதிப்பிடப்படுகின்றது. அவர்களுள் மிகப் பெரும்பாலானோருக்குத் தாம் தொற்றுக்குள்ளானதே தெரியாது. ஆயினும் ஒரு பெண் முதன்முறையாக இத்தொற்றுக்கு ஆளாகும் காலம் அவளது கர்ப்பகாலமாக அமைந்துவிடின், அதன் விளைவைச் சுமப்பது பிறக்கவிருக்கும் குழந்தையே. உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் 2013 ஆம் ஆண்டு வெளியான மதிப்பீடொன்றின்படி, ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 1,90,000 குழந்தைகள் இத்தொற்றுடன் பிறக்கின்றன. அதாவது உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்றரைக் குழந்தை என்ற அளவாகும்.

இந்நோய் குறித்து நமது சமூகத்தில் இரு வகையான தவறுகள் நிகழ்கின்றன. ஒன்று, தடுக்கக்கூடிய தொற்றைத் தடுக்காமல் விடுவது. மற்றையது, நோயே இல்லாத பெண்ணை நோயாளி என எண்ணி அஞ்சுவதும் அவளைக் குற்றஞ் சாட்டுவதும். இரண்டுக்கும் காரணம் அறியாமையே. எனவே இது பற்றிச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

கிருமியின் வரலாறு

1908 ஆம் ஆண்டு துனீசியாவின் தலைநகரான துனிஸிலுள்ள பாஸ்டர் நிறுவகத்தில் பணியாற்றிய சார்ள்ஸ் நிக்கோல், லூயி மன்சோ ஆகியோர், 'கொண்டி' எனப்படும் வட ஆபிரிக்கக் கொறிக்கும் பிராணியொன்றின் உடலில் இக்கிருமியைக் கண்டனர். அதே ஆண்டில் பிரேசிலின் சாவோ போலோ நகரில் ஸ்பிளெண்டோர் என்பவர் முயலொன்றில் இதனைக் கண்டறிந்தார். வில்லைப் போல வளைந்த உருவம் உடையதாக இருந்தமையால், வில்லைக் குறிக்கும் 'டொக்ஸோன்' எனும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் சூட்டப்பட்டது. நஞ்சுக்கும் இப்பெயருக்கும் நேரடித் தொடர்பில்லை. தனிக்கல உயிரியான இது, மலேரியாக் கிருமியின் தூரத்து உறவினம்.

இக்கிருமிக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பு 1923 இல் பிராக் நகரில் முதன்முதலாக வெளிப்பட்டது. தலை பெருத்து, பார்வையற்று இறந்துபோன குழந்தையொன்றின் விழித்திரையில் ஒட்டுண்ணிகள் இருந்ததை யன்கூ எனும் கண் வைத்தியர் விபரித்தார். அவை எவை என்பது அப்போது தெளிவாகவில்லை. 1930களின் இறுதியில் நியூயோர்க்கில் வுல்ஃப், கவன், பேஜ் ஆகிய மூவர், பிறந்து ஒரு மாதத்தில் இறந்த குழந்தையொன்றை ஆராய்ந்து, இத்தொற்று தாயின் வயிற்றிலேயே குழந்தைக்கு ஏற்படுகின்றது என்பதை நிறுவினர். மூளையில் நீர் தேங்குதல், மூளையில் சுண்ணாம்புப் படிவு, விழித்திரை அழற்சி ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்படுவது இந்நோயின் கடுமையான வடிவம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

1948 இல் அல்பேர்ட் சேபின், ஹரி ஃபெல்ட்மன் ஆகியோர் குருதியில் இத்தொற்றைக் கண்டறியும் பரிசோதனையை உருவாக்கினர். வாய்வழியாக வழங்கப்படும் போலியோத் தடுப்பு மருந்தை உலகுக்கு அளித்த சேபினே இவர். இவ்வளவும் அறியப்பட்ட பின்னரும் கிருமி மனிதனை வந்தடையும் வழி நெடுங்காலம் புதிராகவே இருந்தது. சரியாக வேகாத இறைச்சி ஒரு வழி என்பதைப் பாரிஸ் நகர ஆய்வாளர்கள் 1965 இல் காட்டினர். பூனையின் பங்கு 1970 ஆம் ஆண்டளவிலேயே உறுதியாயிற்று.

மனிதனை வந்தடையும் வழிகள்

பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த பிராணிகளின் குடலில் மாத்திரமே இக்கிருமி தனது இனப்பெருக்கச் சக்கரத்தைப் பூர்த்தி செய்கின்றது. எலி, பறவை அல்லது பச்சை இறைச்சியைத் தின்று முதன்முறையாகத் தொற்றுக்குள்ளாகும் பூனை, ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை கோடிக்கணக்கான நுண்ணிய முட்டையுறைகளை மலத்துடன் வெளியேற்றும். அதன் பின்னர் பெரும்பாலும் அவ்வாறு வெளியேற்றுவதில்லை. வெளியேறிய உறைகள் உடனடியாகத் தொற்றை ஏற்படுத்த மாட்டா. ஒன்று முதல் ஐந்து நாட்களில் முதிர்ச்சியடைந்த பின்னரே அவை ஆபத்தானவையாகின்றன. ஈரலிப்பான மண்ணில் ஓராண்டுக்கும் மேலாக அவை உயிர்ப்புடன் இருக்கக் கூடும். குடிநீருக்கு இடப்படும் குளோரின் அவற்றை அழிப்பதில்லை. கொதிக்க வைத்தல் அழிக்கின்றது.

மண்ணிலும் புல்லிலும் உள்ள இவ்வுறைகளை உட்கொள்ளும் ஆடு, மாடு, பன்றி, கோழி முதலியவற்றின் தசைகளில் கிருமி சிறைப்பைகளாக உறைந்து தங்குகின்றது. அவ்விறைச்சியைப் போதியளவு வேக வைக்காமல் உண்பவருக்குத் தொற்று ஏற்படுகின்றது. எனவே மண், நீர், கழுவாத மரக்கறி, வேகாத இறைச்சி ஆகியனவே மனிதனுக்குத் தொற்றைக் கொண்டு வரும் பிரதான வழிகள். சாதாரண வாழ்க்கைப் பழக்கங்களில் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது தொற்றுவதில்லை. தாய்ப்பாலூட்டுவதால் பரவுவதாகவும் சான்றில்லை.

நீரின் மூலம் பரவுவதை உலகுக்கு உணர்த்திய நிகழ்வொன்று 1995 இல் கனடாவின் விக்டோரியா நகரில் இடம்பெற்றது. நகரின் நீர்த்தேக்கமொன்று மாசடைந்ததன் விளைவாக 100 பேர் தொற்றுடன் இனங்காணப்பட்டனர். அவர்களுள் 19 பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. நமக்கு அண்மையிலும் இவ்வாறு நிகழ்ந்துள்ளது. தமிழ்நாட்டின் கோயம்புத்தூரில் 2004 செப்டெம்பர் தொடக்கம் 2005 ஜூலை வரையான காலப்பகுதியில் 248 பேர் கண் டொக்ஸோபிளாஸ்மா நோயுடன் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தனர். அவர்களுள் பெரும்பாலானோர் ஒரே நீர்த்தேக்கத்திலிருந்து குடிநீர் பெறும் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதை அம்மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். இவர்கள் பிறந்த பின்னர் தொற்றுக்குள்ளானவர்கள். ஆயினும் தமிழ் பேசும் பிரதேசமொன்றில் இக்கிருமி எவ்வளவு எளிதில் மக்களை வந்தடையலாம் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

தாயிலிருந்து சிசுவுக்கு

ஆரோக்கியமான பெண்ணொருத்திக்கு ஒரு முறை இத்தொற்று ஏற்பட்டால், அவளது உடலில் உருவாகும் நிர்ப்பீடனம் பெரும்பாலும் ஆயுட்காலம் முழுவதும் நிலைத்திருக்கும். ஆதலால் கருத்தரிப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்னரோ, ஆண்டுகளுக்கு முன்னரோ தொற்றுக்குள்ளான பெண்ணின் குழந்தை பொதுவாகப் பாதுகாப்பாகவே இருக்கும். எயிட்ஸ் போன்ற காரணங்களால் நோயெதிர்ப்புச் சக்தி வெகுவாகக் குன்றிய தாய்மாரே இதற்கு விதிவிலக்கு.

ஆபத்து உண்டாவது கர்ப்பகாலத்தில் முதன்முறையாகத் தொற்று ஏற்படும்போதாகும். அப்போது கிருமிகள் தாயின் குருதியில் உலவி, சூல்வித்தகம் எனப்படும் நஞ்சுக்கொடியை அடைந்து, அதனூடாகச் சிசுவின் உடலில் புகுகின்றன. தாய்க்கு இலேசான காய்ச்சல், உடற்சோர்வு, கழுத்தில் நெறிகட்டுதல் போன்றவை தோன்றலாம். பெரும்பாலும் எதுவுமே தோன்றுவதில்லை.

இங்கு கவனிக்க வேண்டிய முக்கியமான விதியொன்று உண்டு. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தாய்க்குத் தொற்று ஏற்பட்டால் அது சிசுவைச் சென்றடையும் வாய்ப்புக் குறைவு. ஆனால் சென்றடைந்தால் விளைவு கடுமையானது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் சிசுவைச் சென்றடையும் வாய்ப்பு அதிகம். விளைவோ பெரும்பாலும் இலேசானது. பிரான்ஸின் லியோன் நகரத் தாய்மாரை ஆராய்ந்து 1999 இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, 13 ஆவது வாரத்தில் தொற்றுக்குள்ளாகும் தாயிடமிருந்து சிசுவுக்குப் பரவும் வாய்ப்பு 6 வீதம். 26 ஆவது வாரத்தில் அது 40 வீதம். 36 ஆவது வாரத்தில் 72 வீதம். ஆரம்பகாலத் தொற்று கருச்சிதைவு, சிசு மரணம், மூளைப் பாதிப்பு ஆகியவற்றில் முடியலாம். பிற்காலத் தொற்றுடன் பிறக்கும் குழந்தை வெளித்தோற்றத்தில் முற்றிலும் ஆரோக்கியமாகவே காணப்படும். இத்தொற்றுடன் பிறக்கும் குழந்தைகளுள் 70 முதல் 90 வீதமானோரிடம் பிறப்பின்போது எந்த அறிகுறியும் தென்படுவதில்லை. நோய் கண்ணில் மறைந்து கிடப்பது இத்தகைய குழந்தைகளிடமே.

விழித்திரையில் நிகழ்வது என்ன?

புகைப்படக் கருவியில் படலம் எத்தகையதோ, கண்ணில் விழித்திரை அத்தகையது. அதன் நடுவே உள்ள மஞ்சட் பொட்டு எனும் சிறு பகுதியே முகங்களை அடையாளம் காணவும் எழுத்துக்களை வாசிக்கவும் உதவுகின்றது. பிறவித் தொற்றில் கிருமி குறிப்பாக இப்பகுதியையே தாக்குவது பல குழந்தைகளிடம் காணப்பட்டுள்ளது. இரு கண்களும் பாதிக்கப்படுவதும் அரிதன்று. கிருமி பெருகி விழித்திரைக் கலங்களை அழிக்கின்றது. அதனுடன் போரிடும் உடலின் அழற்சியும் விழித்திரைக்கும் அதன் பின்னாலுள்ள குருதிக் கலன் படைக்கும் சேதம் விளைவிக்கின்றது. அழற்சி தணிந்த பின்னர் கருநிற ஓரங்களையுடைய வெளிறிய தழும்பு எஞ்சுகின்றது. அவ்விடத்தில் இழந்த பார்வை மீள்வதில்லை.

தழும்பு ஏற்பட்டதுடன் நோய் முடிவதுமில்லை. தழும்பின் ஓரத்தில் சிறைப்பைகளாக உறங்கும் கிருமிகள் பல ஆண்டுகளின் பின் விழித்தெழலாம். பதின்ம வயதிலும் இருபதுகளிலும் இவ்வாறு நோய் மீளத் தலைதூக்குவது அடிக்கடி காணப்படுகின்றது. பார்வையில் திடீரெனப் புகைமூட்டம், கறுப்புப் புள்ளிகள் மிதப்பது போன்ற தோற்றம், வெளிச்சத்தில் கண் கூசுதல் ஆகியன அதன் அறிகுறிகள். கண்ணினுள் நிரம்பியிருக்கும் தெளிவான கூழ் போன்ற பொருள் கலங்கிவிடுவதால், விழித்திரையின் புதிய புண், பனிமூட்டத்தில் தெரியும் வாகன விளக்கைப் போலத் தோன்றும் என்று கண் வைத்தியர்கள் வர்ணிப்பதுண்டு.

மாறுகண், கண்மணிகள் ஓயாது அசைதல், மூன்று மாதங்களுக்குப் பின்னரும் முகத்தை நோக்காதிருத்தல், கண்ணின் பாவையில் வெண்ணிறம் தெரிதல் ஆகியன குழந்தையிடம் பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவை வேறு பல கண் நோய்களிலும் தோன்றலாம். கண் புற்றுநோயும் அவற்றுள் ஒன்று. ஆதலால் இவற்றுள் எதைக் கண்டாலும் தாமதமின்றிக் கண் வைத்திய நிபுணரை நாட வேண்டும்.

இன்னொன்றையும் ஆசிரியர்கள் மனங்கொள்ள வேண்டும். இரு கண்களிலும் நடுப்பகுதி தழும்பான பிள்ளைக்கு ஓரப் பார்வை எஞ்சியிருக்கும். அப்பிள்ளை தடுக்கி விழாமல் நடக்கும், ஓடும், விளையாடும். ஆனால் கரும்பலகையில் எழுதியதை அதனால் வாசிக்க இயலாது. இத்தகைய பிள்ளை 'படிப்பில் மந்தம்', 'சோம்பேறி' என்ற பட்டங்களைச் சுமப்பதுண்டு. தலையைச் சாய்த்துப் பார்க்கும் பிள்ளையை, புத்தகத்தை மூக்கருகே கொண்டு செல்லும் பிள்ளையைத் தண்டிக்கு முன்னர் கண் பரிசோதனைக்கு அனுப்புவதே முறையாகும்.

பிரேசில் தரும் பாடம்

இந்நோயின் முழுப் பாரத்தையும் உணர விரும்புவோர் பிரேசிலை நோக்க வேண்டும். அந்நாட்டின் தெற்கேயுள்ள எரெஷிம் எனும் பிரதேசத்தில் 1,042 பேரைப் பரிசோதித்து 1992 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அவர்களுள் 17.7 வீதமானோரின் கண்களில் இந்நோயின் அடையாளம் காணப்பட்டது. வேகாத பன்றி இறைச்சி உண்ணும் வழக்கம் அங்கு பரவலாக இருந்தது. கண் டொக்ஸோபிளாஸ்மா என்றாலே பிறவியில் வந்தது என்ற பழைய கருத்தை மாற்றியமைத்தவற்றுள் இவ்வாய்வும் ஒன்று. பிறந்த பின்னர் ஏற்படும் தொற்றும் கண்ணைத் தாக்கும் என்பது இதனால் புலனாயிற்று.

அந்நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் புதிதாகப் பிறந்த 1,46,000 இற்கும் மேற்பட்ட குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டபோது, 770 குழந்தைகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தொற்று இருந்தது 2009 இல் அறிவிக்கப்பட்டது. தொற்றுள்ள குழந்தைகளுள் ஏறத்தாழ 80 வீதமானோரின் விழித்திரை ஏற்கனவே பாதிக்கப்பட்டிருந்தது. பிரான்ஸின் லியோன் நகரில் 477 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது கண் பாதிப்பு ஏறத்தாழ 30 வீதமானோரிடமே காணப்பட்டது. தென் அமெரிக்காவில் உலவும் கிருமி வகைகள் வீரியம் மிக்கவை என்பதும், ஐரோப்பாவில் கர்ப்பகாலத்திலேயே சிகிச்சை தொடங்கப்படுவதும் இவ்வேறுபாட்டுக்குரிய காரணங்களாக முன்வைக்கப்படுகின்றன.

பரிசோதனை அறிக்கையை வாசித்தல்

தாய்மார் மிகவும் அவதிப்படும் இடம் இதுவாகும். கருச்சிதைவுக்குள்ளான பெண்களுக்கு 'டோர்ச்' எனப்படும் தொகுதிப் பரிசோதனை செய்விக்கும் வழக்கம் தெற்காசிய நாடுகளில் பரவலாக உள்ளது. அறிக்கையில் டொக்ஸோபிளாஸ்மாவுக்கு எதிரே 'பொசிட்டிவ்' என்று கண்டதும் குடும்பமே கலங்குகின்றது. அப்பெண்ணுக்குத் தீராத நோய் உள்ளதாகப் பேச்சு எழுகின்றது. சில சமயம் கருவைக் கலைத்து விடுமாறும் யோசனை கூறப்படுகின்றது.

குருதியில் இரு வகைப் பிறபொருளெதிரிகள் அளவிடப்படுகின்றன. ஐஜிஜி என்பது ஒரு முறை தொற்று ஏற்பட்டால் ஆயுள் முழுவதும் குருதியில் நிலைத்திருக்கும். அது மாத்திரம் காணப்பட்டால், அப்பெண் எப்போதோ தொற்றுக்குள்ளாகி நிர்ப்பீடனம் பெற்றுவிட்டாள் என்பதே பொதுவான பொருள். கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே இவ்வாறு தெரியவருவது நற்செய்தியாகும். ஐஜிஎம் என்பது புதிய தொற்றைச் சுட்டலாம். ஆயினும் சிலரில் அது ஓராண்டுக்கும் மேலாக நீடிக்கும். பிழையான முடிவாகவும் அமைவதுண்டு. எனவே ஐஜிஎம் பொசிட்டிவ் என்ற ஒரே அறிக்கையைக் கொண்டு எந்த முடிவுக்கும் வரலாகாது. இரண்டு மூன்று வாரங்களின் பின் மீண்டும் பரிசோதித்து ஒப்பிடுவதும், ஐஜிஜி எவ்வளவு இறுக்கமாகக் கிருமியுடன் பிணைகின்றது என்பதை அளக்கும் 'அவிடிட்டி' பரிசோதனை செய்வதும் அவசியம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் செய்யப்படும் இப்பரிசோதனையில் பிணைப்பு வலுவாக இருப்பின், தொற்று கருத்தரிப்பதற்கு முன்னரே ஏற்பட்டது எனக் கொள்ளலாம்.

புதிய தொற்று என்பது உறுதியானாலும் சிசுவுக்குப் பரவியது என்று அர்த்தமாகாது. கர்ப்பத்தின் 18 ஆவது வாரத்தின் பின் பனிக்குட நீரில் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனையும் ஸ்கேன் பரிசோதனையும் அதனைக் கண்டறிய உதவும். திரும்பத் திரும்ப ஏற்படும் கருச்சிதைவுகளுக்கு இந்நோயைக் காரணமாகக் காட்டுவதும் சரியன்று. ஒரு முறை தொற்றியதன் பின் நிர்ப்பீடனம் ஏற்பட்டுவிடுவதே அதற்குரிய காரணம். குழந்தையின் குருதியில் காணப்படும் ஐஜிஜியும் தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாம். அவ்வாறாயின் அது ஓராண்டுக்குள் மறைந்துவிடும். இவை அனைத்தையும் நிபுணர் ஒருவரே ஒன்றுசேர்த்து நோக்கித் தீர்மானிக்க வேண்டும்.

சிகிச்சை

தாய்க்குப் புதிய தொற்று உறுதியானால், சிசுவுக்குப் பரவுவதைக் குறைக்கும் நோக்குடன் ஸ்பிரமைசின் எனும் மருந்து வழங்கப்படுகின்றது. சிசுவுக்குப் பரவியது தெரியவந்தால் பைரிமெத்தமின், சல்ஃபாடயசின் ஆகிய மருந்துகளும், குருதிக் கலங்களைக் காக்கும் போலினிக் அமிலமும் சேர்த்து வழங்கப்படும். பைரிமெத்தமின் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்க்கப்படுகின்றது. தொற்றுடன் பிறந்த குழந்தைக்கு அறிகுறி இல்லாவிடினும் பல நாடுகளில் ஓராண்டு காலம் இம்மருந்துகள் அளிக்கப்படுகின்றன. குருதிப் பரிசோதனையும் இடையிடையே அவசியம்.

இம்மருந்துகள் பெருகும் கிருமிகளை அடக்குமேயன்றி, சிறைப்பைகளில் உறங்குபவற்றை அழிப்பதில்லை. ஆதலால் சிகிச்சை பெற்ற குழந்தைகளிடமும் பிற்காலத்தில் புதிய புண் தோன்றலாம். பள்ளிப் பருவம் முழுவதும் ஒழுங்கான கண் பரிசோதனை தேவைப்படுவது இதனாலேயே. அடிக்கடி நோய் மீளும் வயது வந்தோருக்கு, ட்ரைமெத்தோபிரிம், சல்ஃபாமெத்தொக்ஸசோல் கூட்டு மருந்தை நீண்டகாலம் வழங்குவது பயனளிப்பதைப் பிரேசில் வைத்தியர்கள் 2002 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 20 மாதங்களில், மருந்து பெற்றோருள் 6.6 வீதமானோருக்கே நோய் மீண்டது. பெறாதோரில் அது 23.8 வீதமாக இருந்தது. தழும்பை மாற்ற இயலாவிடினும், மூக்குக் கண்ணாடி, நல்ல கண்ணை மூடிப் பலவீனமான கண்ணுக்கு அளிக்கும் பயிற்சி, உருப்பெருக்கிக் கருவிகள், பெரிய எழுத்துப் புத்தகங்கள் ஆகியவற்றால் குழந்தையின் எஞ்சிய பார்வையை நன்கு பயன்படுத்த முடியும்.

அனைவரையும் பரிசோதிப்பதா?

கர்ப்பிணிகள் அனைவரையும் பரிசோதிப்பது குறித்து உலக நாடுகளிடையே ஒருமித்த கருத்தில்லை. 1970களில் ஆஸ்திரியாவும் பிரான்ஸும் இதற்கு வழிகாட்டின. தொற்றுக்குள்ளாகாத கர்ப்பிணிகளை மாதந்தோறும் பரிசோதிக்கும் ஒழுங்கு 1992 இல் பிரான்ஸில் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியா அவ்வாறான பொதுப் பரிசோதனையைப் பரிந்துரைக்கவில்லை. டென்மார்க் புதிதாகப் பிறந்த குழந்தைகளைப் பரிசோதிக்கும் திட்டத்தை 1999 இல் ஆரம்பித்து 2007 இல் கைவிட்டது. சிகிச்சையின் பயன் போதியளவு நிரூபிக்கப்படவில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். தொற்றின் பரவல், கிருமியின் வீரியம், செலவு, ஆய்வுகூட வசதி ஆகியவற்றை எடைபோட்டே ஒவ்வொரு நாடும் முடிவெடுக்கின்றது.

பிரான்ஸின் அனுபவத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. கர்ப்பிணிகளுள் ஏற்கனவே தொற்றுக்குள்ளானோரின் வீதம் அங்கு 1995 இல் 54.3 ஆக இருந்து, 2016 இல் 31.3 ஆகக் குறைந்தது. உணவுப் பழக்கமும் சுகாதாரமும் மேம்பட்டதன் விளைவு இது. ஆனால் நிர்ப்பீடனமற்ற பெண்களின் தொகை கூடும்போது, கர்ப்பகாலத்தில் முதற்றொற்றுக்கு ஆளாகக் கூடியவர்களின் தொகையும் கூடுகின்றது. தூய்மை மேம்படும் சமூகத்தில் தாய்மாருக்கான அறிவூட்டலும் கூடவே வளர வேண்டும் என்பதே இதன் பாடம்.

தடுக்கும் முறைகள்

இந்நோய்க்கு மனிதருக்கான தடுப்பூசி இல்லை. ஆயினும் அடுக்களையிலும் முற்றத்திலும் கடைப்பிடிக்கும் சில ஒழுக்கங்களால் ஆபத்தைப் பெரிதும் குறைக்கலாம். இறைச்சியை உள்ளே செந்நிறம் முற்றாக மறையும் வரை வேக வைத்தல் வேண்டும். நமது கறி சமைக்கும் முறை இதற்குப் பெரும்பாலும் இடமளித்தாலும், அரைவேக்காட்டில் உப்புப் பார்ப்பதும், தணலில் வாட்டிய இறைச்சியை உள்ளே வேகுமுன் உண்பதும் ஆபத்தானவை. பச்சை இறைச்சியைத் தொட்ட கை, கத்தி, வெட்டுப் பலகை ஆகியவற்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே வேறு உணவைத் தொட வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாட் காலத்தில் குர்பான் இறைச்சியைப் பங்கிடும் இல்லங்களில் கர்ப்பிணிகள் பச்சை இறைச்சியைக் கையாளாதிருப்பது அல்லது கையுறை அணிவது நன்று.

சம்பலாகவும் பச்சையாகவும் உண்ணும் வல்லாரை, பொன்னாங்காணி முதலிய இலைக்கறிகளையும் பழங்களையும் ஓடும் நீரில் பல தடவை கழுவ வேண்டும். கிணற்று நீரையும் குளத்து நீரையும் கொதிக்க வைத்து ஆற்றிப் பருக வேண்டும். காய்ச்சாத ஆட்டுப்பாலைத் தவிர்க்க வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் மண்ணைக் கிளறும்போது கையுறை அணிவதும், பின்னர் நகக்கண் வரை கழுவுவதும் அவசியம். பிள்ளைகள் விளையாடும் மணற்குவியலை மூடி வைப்பதும் நல்ல வழக்கமாகும்.

பூனையை வீட்டை விட்டுத் துரத்த வேண்டுமா என்ற வினா எழலாம். தமிழ் இல்லங்களிலும் முஸ்லிம் இல்லங்களிலும் பூனை நெடுங்காலமாக உடன் வாழும் பிராணி. முஸ்லிம் மக்களிடையே அதன் மீது தனியான பரிவும் உண்டு. அதனைத் துரத்த வேண்டிய அவசியமில்லை. பூனையைத் தொடுவதாலோ தடவுவதாலோ தொற்று ஏற்படுவது மிக அரிது. அதன் மலத்தைக் கர்ப்பிணி அகற்றாமல் வேறொருவர் நாள்தோறும் அகற்றினால் முட்டையுறைகள் முதிர்ச்சியடைய அவகாசம் கிடையாது. பூனைக்குச் சமைத்த உணவையே கொடுப்பதும், புதிய பூனைக்குட்டிகளைக் கர்ப்பகாலத்தில் வீட்டுக்குக் கொண்டு வராதிருப்பதும் போதுமானவை.

நமது கடமை

தாயிடமிருந்து சிசுவுக்கு எயிட்ஸ் கிருமியும் சிபிலிஸ் நோயும் பரவுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார ஸ்தாபனம் 2019 டிசெம்பரில் அங்கீகரித்தது. கிராமந்தோறும் வீடு தேடிச் செல்லும் குடும்ப நல உத்தியோகத்தர்களும், தாய் சேய் நல சிகிச்சை நிலையங்களும் இல்லாதிருந்தால் அது சாத்தியமாகியிராது. டொக்ஸோபிளாஸ்மா தொற்றைத் தடுப்பதற்கு வேண்டிய அறிவுரைகளை இதே வலையமைப்பின் மூலம், மேலதிகச் செலவின்றி, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அவள் கருத்தரித்த ஆரம்ப வாரங்களிலேயே கொண்டு சேர்க்கலாம். அவ்வறிவுரை தாய்க்கு மாத்திரமன்றி, வீட்டில் சமைப்போருக்கும் கணவனுக்கும் மாமியாருக்கும் சென்றடைதல் வேண்டும்.

கண்ணில் தழும்புடன் பிறந்த குழந்தையின் தாயை எவரும் குறை கூறலாகாது. எந்த அறிகுறியும் காட்டாது வந்து செல்லும் கிருமி அது. அக்குழந்தைக்குக் காலந்தவறாத கண் பரிசோதனையும், வகுப்பறையில் முன்வரிசை இடமும், பொறுமையுள்ள ஆசிரியரும் கிடைத்தால் அது கல்வியில் பின்தங்க வேண்டியதில்லை. இனிப் பிறக்கவிருக்கும் குழந்தைகளுக்கு அத்தழும்பு ஏற்படாமல் காப்பதோ, கை கழுவுதல், நீரைக் கொதிக்க வைத்தல், இறைச்சியை நன்கு வேக வைத்தல் ஆகிய எளிய காரியங்களில் தங்கியுள்ளது. இவற்றை ஒவ்வொரு இல்லத்திலும் வழக்கமாக்குவது நம் அனைவரதும் பொறுப்பாகும்.